நங்கூரம் நாகப்பனும் கடைவாய்ப் பல்லும்

ஸ்ரீரங்கன் புத்தகத்தை மூடியபடி யாரிடமும் கொடுப்பதில்லை. பதினோராம் பக்கத்தைப் பிரித்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு, கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவரின் மடியில் வைப்பார். "மொதப் பத்துப் பக்கம் வெறும் காத்தும் மழையும்தான். இங்கேர்ந்து படிங்கோ, வலியே மறந்துடும்" என்பார்.

மயிலாப்பூர் கிழக்கு மாடவீதியில், மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில் அவர் உதவியாளர். டோக்கன் கொடுப்பார், பஞ்சு உருட்டுவார், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் தருவார். வயது ஐம்பத்து மூன்று. வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளிலும் 'நங்கூரம் நாகப்பன்' இருப்பான். மாதம் ஒரு புத்தகமாக வந்து, இந்த 1996-இல் நூற்றுப் பன்னிரண்டாவது சாகசத்தை எட்டிவிட்ட கப்பல் கேப்டன். எந்தப் புத்தகத்திலும் பதினோராம் பக்கத்தில் அவனை யாராவது எதிலிருந்தாவது தொங்கவிட்டிருப்பார்கள்.

அவருக்கே நாகப்பன் கிடைத்தது பஸ்ஸில்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு, தி.நகர் போகிற பஸ்ஸில் யாரோ விட்டுப்போன புத்தகம். பனகல் பூங்காவில் இறங்க வேண்டியவர் தலை நிமிர்ந்தபோது, பஸ் திரும்பவும் மயிலாப்பூர் குளத்தருகே நின்றிருந்தது. "இன்னா சார், எறங்கவே மாட்டியா? ரெண்டு தபா போய்ட்டு வந்துட்ட" என்றார் கண்டக்டர். "முதலை வாய்க்குள்ள இருக்கான், சித்த இருங்கோ" என்றாராம் இவர்.

மருத்துவமனைக்கு வந்துபோன பாதிப் பேருக்கு நாகப்பன் அறிமுகமானது அந்த வரவேற்புக் கூடத்தில்தான், வீங்கிய கன்னத்தோடு. ஆனால் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வைரவன், "அவரைப் போகச் சொல்லுங்க, எனக்கு இன்னும் நாலு பக்கம் கெடக்கு" என்பார். கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர், மூன்று நாளில் மூன்று புத்தகம் முடித்து, பல்லோடு வீடு திரும்பினார்.

டாக்டர் விஜயலக்ஷ்மி ஒரு மாலை வெளியே வந்து பார்த்தார். ஒன்பது பேர், ஒன்பது புத்தகம். உள்ளே நாற்காலி காலி. "இதுல ஒண்ணு நாளைக்கு என் கண்ணுல பட்டாலும், நீங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்றார். ஸ்ரீரங்கன் அத்தனையையும் பரணில் ஏற்றினார்.

மறுநாள் கூடத்தில் ஒரே அமைதி. அதனால் உள்ளே பல் குடையும் மெஷினின் சத்தம் எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. ஒவ்வொருவராக மணி பார்த்தார்கள், படியிறங்கினார்கள். மிஞ்சியவர் வைரவன் மட்டும்தான். வீக்கம் கண்ணைத் தொட்டிருந்தது.

நாற்காலியில் சாய்ந்தவர் வாயைத் திறக்க மறுத்துவிட்டார். டாக்டர் கெஞ்சினார், அதட்டினார், உதடு பிரியவில்லை. மூலையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த ஸ்ரீரங்கன், டாக்டர் பக்கம் திரும்பாமலே ஆரம்பித்தார்.

"நாகப்பனைப் பாய்மரத்துல தலைகீழாக் கட்டிட்டா. கீழ சுறா. கயிறு ஒரு இழையில நிக்கறது. அப்பப் பாத்து, சமையல்காரன் கத்தியோட வரான்."

வைரவனின் வாய் தானாகப் பிளந்தது. ஊசி போயிற்று. சமையல்காரன் பாய்மரத்தில் ஏறினான். தாடை மரத்தது. அவன் கத்தியை ஓங்கினான். இடுக்கி போயிற்று, பல் வந்தது.

"அப்பொழம்?" என்றார் வைரவன், பஞ்சை அதக்கியபடி.

"அவ்வளவுதான் சார், பல் வந்துடுத்து" என்று ஸ்ரீரங்கன் தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

டாக்டர், இடுக்கியில் பல்லைப் பிடித்தபடியே, காலால் ஸ்டூலை இழுத்து ஸ்ரீரங்கனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.