எழுந்து நின்று பேசியவர்

ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு மக்கள் தொடர்புப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆலைக் கழிவுநீர் தன் தக்காளித் தோட்டத்தில் புகுந்ததாக பாகலூர் விவசாயி ஒருவர் எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினார். கம்பெனி பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை அழித்துவிட்டேன். மதியத்துக்குள் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. என் பயிற்சி அன்றோடு போச்சு என்று நினைத்தேன்.

கொண்டையில் பேனா செருகியிருக்கும் எங்கள் பிரிவை நடத்தும் மேடம், எழுந்து நின்று அந்த விவசாயிக்குப் போன் போட்டார். புகார் சொல்பவர்களிடம் மேடம் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை.

"அழிச்சது தப்புதாண்ணா. இப்பவே தோட்டத்துக்கு வர்றோம்."

ஸ்பீக்கரில் விவசாயி கொதித்தார். "எந்தப் புண்ணியவான்மா அழிச்சான்?"

"நாங்கதாண்ணா, எங்க ஆபீஸ்தான்."

என் பெயர் வரவேயில்லை.

"நீங்க நிக்கிறது அவருக்குத் தெரியாதே மேடம்?" என்று போனை வைத்ததும் கேட்டேன்.

"உக்காந்தா சாக்குச் சொல்லிச் சமாளிக்கத் தோணுதுப்பா. கெளம்பு, நீயும் வா."

இன்று புகாருக்குப் பதில் தட்டும்போதும் எழுந்துவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.