சிவம் அண்ணையின் மூன்று விரல்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் யோசித்தேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. அதைவிட, தினமும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போகிற நானே அதற்கு எதிராக எழுதிவிட்டேன் என்று யாராவது சொல்வார்களோ என்ற பயமும் இருந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இப்போது எழுதுகிறேன்.

1. முதல் நாள்

நான் ரொறொன்ரோவில் பி.எஸ்.டபிள்யூ., அதாவது பராமரிப்பு உதவியாளர். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தவர்களை வீடு தேடிப்போய்ப் பராமரிப்பது என் வேலை. மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவரைச் சிவம் அண்ணை என்று எழுதுகிறேன், சொந்தப் பெயர் அதுவல்ல. சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். வடைச் சட்டி சரிந்து கொதி எண்ணெய் இரண்டு கையிலும் ஊற்றுப்பட்டிருந்தது. தொடையில் தோல் எடுத்துக் கைகளில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிறாஃப்ற் என்போம்.

ஒட்டிய தோல் ஆறும்போது சுருங்கி இழுக்கும். விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே இருக்காவிட்டால் மடிந்தபடியே நின்றுவிடும். கிறீம் பூசுவது, இறுக்கமான பிறெஷர் கிளவ்ஸ் போடுவது, சாப்பிடுவது எல்லாம் அவரே செய்யவேண்டும். முடியாததற்கு மட்டும் நான் உதவவேண்டும். அதுதான் ஆஸ்பத்திரியின் உத்தரவு.

அவருடைய மனைவி மலர் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. அக்காவே சோறு குழைத்து ஊட்டினார், சீப்பால் தலை இழுத்தார், நெற்றிக்குத் திருநீறும் பூசிவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் உதவிக்கு வந்தனீங்களோ, படம் பாக்க வந்தனீங்களோ?" என்று என்னைக் கேட்டார்.

அண்ணை வாயைத் திறப்பார், சோறு போகும்.

2. தெரப்பிஸ்ற் கேட்ட கேள்வி

கைப்பயிற்சி கொடுக்கிற தெரப்பிஸ்ற் வந்தபோது, தன் கையால் செய்ய ஆசைப்படுகிற ஒரு விஷயத்தைச் சொல்லும்படி அண்ணையைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தேவையில்லை, எல்லாம் நான்தான் பார்க்கிறேன் என்று அக்கா முந்திக்கொண்டார். அண்ணை தலை நிமிராமல் சொன்னார்:

"என்ரை நெத்திக்கு நான் திருநீறு பூசவேணும்."

அது எப்படி என்று தெரப்பிஸ்ற் கேட்க, மூன்று விரலை நீட்டி நெற்றியில் இழுத்துக் காட்டினேன். அவர் அதையே பயிற்சியாக்கிவிட்டார். தட்டில் கோதுமை மாவைப் பரப்பி மூன்று கோடு இழுக்கவேண்டும், தினமும்.

3. வெடிப்பு

விரல்கள் கொஞ்சம் நீளத் தொடங்கிய நேரம். கோவிலுக்குப் போய்வந்த அக்கா, கெதியாகச் சுகமாகட்டும் என்று கிளவ்ஸைக் கழற்றி, கிறாஃப்ற் முழுக்கத் திருநீறு பூசிவிட்டார். ஒட்டிய தோலில் எண்ணெய்ப்பசை ஊறாது. இருந்த ஈரத்தையும் சாம்பல் உறிஞ்ச, விரலிடுக்கு வெடித்து இரத்தம் கசிந்தது. நேர்ஸைக் கூப்பிட்டேன். அவர் கழுவிக் கட்டி, வெடிப்பு மூடும்வரை கிளவ்ஸ் போடக்கூடாது என்றார். அதற்குள் விரல்கள் திரும்பவும் இறுகின.

அக்கா குசினியில் அடுப்போரம் நின்று அழுதார்.

"சாமியின்ரை பொருள் கெடுதல் செய்யுமே, தங்கச்சி?"

நானும் நம்புகிறவள். யோசித்துத்தான் சொன்னேன்.

"திருநீறு நெத்திக்கு, அக்கா. தோலுக்குக் கிறீம். ரெண்டையும் அண்ணை தன்ரை கையாலை பூசட்டும்."

4. பூசினார்

வெடிப்பு மூடியது. மாவுத் தட்டில் திரும்ப முதலிலிருந்து பழகினார். ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்து, சாமிப் படத்துக்கு முன்னால் திருநீற்றுக்குள் விரலை வைத்தார். நெற்றிக்குக் கொண்டுபோனார். பாதி மூக்கில் கொட்டியது. துடைக்க அக்கா கையைத் தூக்கினார், பிறகு அந்தக் கையை ஸ்வெற்றருக்குள் இழுத்துக்கொண்டார். மூன்று கோடு விழவேண்டிய இடத்தில் ஒரே பட்டை.

"எப்பிடி இருக்கு?" என்றார் அண்ணை.

"சுவருக்கு வெள்ளை அடிச்ச மாதிரி" என்றார் அக்கா.

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். விரல்களைக் கழுவி, கிறீம் பூசி, கிளவ்ஸையும் அவரே போட்டார். வெகுநேரம் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

ஆளைத் தூக்கவும் துடைக்கவும் வகுப்பில் பழக்குவார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க அந்த வீட்டில்தான் பழகினேன்.

திருநீறு பூசித்தான் அவருடைய கை சுகமானது என்று கோவிலில் ஒருவர் எனக்கே கதை சொன்னார். ஆண்டவன் துணை இருந்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சொல்வதானால் நடந்தபடி சொல்லுங்கள். வெடித்த தோலைச் சொல்லுங்கள். சின்ன விரல் இன்னும் நிமிரவில்லை, அதையும் விடாமல் சொல்லுங்கள்.