குணராஜா டொக்டர் வைத்த கம்பி

போன செவ்வாய்க்கிழமை காலை இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். மகள் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, "அம்மா, குணராஜா டொக்டர் செத்துப்போனாராம். நித்திரையிலேயாம்," என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். இடியப்பம் அரை அவியலில் கிடந்தது.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவரிடம் வைத்தியம் பார்த்த குடும்பங்கள் எத்தனையோ. உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னுடையது இது.

என் பேரன் கிரிக்குப் பிறவியிலேயே நெஞ்சின் நடுவில் குழி. வளர வளரக் குழியும் ஆழமாகியது. பதினைந்து வயதில் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினான். கோயிலில் ஆம்பிளைகள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் உள்ளே வரமாட்டான். வாசலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நிற்பான்.

"நெஞ்சைப் பிளக்கப் போறியளோ, தம்பி?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

அவர் மேசையில் தன் கைக்குட்டையை விரித்தார். தேநீர்க் கரண்டியைக் குழி மேலே பார்க்கக் கைக்குட்டையின் கீழே செருகி, அப்படியே புரட்டினார். கைக்குட்டை நடுவில் எழும்பியது.

"இவ்வளவுதான் அம்மா. ரெண்டு விலாவிலயும் சின்ன வெட்டு. கமராவில பாத்துக்கொண்டு வளைஞ்ச கம்பியை நெஞ்செலும்புக்குக் கீழால விட்டுப் புரட்டுவம். ரெண்டு மூண்டு வருசம் உள்ளுக்க கிடக்கும். எலும்பு பழகினாப் பிறகு எடுத்துப்போடுவம்."

"நோகாதோ?"

"நோகும். நோகாது எண்டு சொல்லுற டொக்டரை நம்பாதேங்கோ."

சொன்னபடி நொந்தது. பிள்ளை நாலைந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஆனால் தையல் வெட்டிய அன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று சட்டைப் பொத்தானைப் பூட்டினான், திரும்பக் கழற்றினான், திரும்பப் பூட்டினான். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். "அம்மம்மா, நான் என்ன மியூசியமோ?" என்று சினந்தான்.

அது சண்டைக் காலம். சோதனைச்சாவடியில் இரும்பு தேடும் கருவி கத்தும் என்று டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், எக்ஸ்ரே ஒன்றும் தந்திருந்தார். கிரி அவற்றை உறையில் போட்டுப் பையில் கொண்டு திரிவான்.

ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்று கதை வந்தது. அப்போது நாங்கள் எல்லோரும் செய்த வேலை உங்களுக்குத் தெரியும்: சந்தேகம் வரக்கூடிய கடிதம், படம் எல்லாவற்றையும் எரித்தோம். கிரியின் பையிலிருந்து அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலம் எனக்கு வாசிக்கத் தெரியாது. எக்ஸ்ரேயில் பிள்ளையின் நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக ஓர் இரும்பு. பார்க்கிறவன் குண்டென்று நினைப்பான் என்று பட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் குளியலறை வாளிக்குள் போட்டு எரித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை எதிர்க்கடைக்காரர் ஓடி வந்தார். காலி வீதிச் சோதனைச்சாவடியில் கிரியை மறித்தார்களாம். கருவி கத்தியதாம். சட்டையைத் தூக்கினால் இரண்டு விலாவிலும் தழும்பு. அந்த நாளில் தமிழ்ப் பெடியனின் உடம்பில் தழும்பு இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சண்டை பிடித்தவன். பையில் கடிதத்தைத் தேடியிருக்கிறான், இல்லை. பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டொக்டர் கிளினிக்கை அப்படியே விட்டார். அதே மாதிரிக் கம்பி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு என்னோடு த்ரீவீலில் ஏறினார்.

பொலிசில் பெரியவரின் மேசையில் கம்பியை வைத்துச் சிங்களத்தில் எல்லாம் விளக்கினார். அந்த ஆள் இவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

"உன் நெஞ்சுக்குள்ளேயும் ஏதாவது இருக்கிறதோ?"

"பயம் இருக்கிறது, சேர். எக்ஸ்ரேயில் தெரியாது."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இன்னும் ஒரு மணித்தியாலம் எங்களை வாங்கில் இருத்தி வைத்தான். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுப் பிள்ளையை விட்டான்.

த்ரீவீலில் திரும்பும்போது கிரியின் கையைப் பிடித்தபடி டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "நான்தான் தம்பி எரிச்சனான்."

ஏசுவார் என்று நினைத்தேன்.

"நானும் போன மாசம் என்ர பள்ளிக்கூடப் படமெல்லாம் எரிச்சனான், அம்மா. அவசரத்தில என்ர அம்மாவின்ர படமும் அதோட போயிட்டுது. இருந்தது அது ஒண்டுதான்."

பிறகு, நாளைக்கே கிரிக்குத் தேவைப்படும் என்று பையிலிருந்து தாளை எடுத்து, மடியில் வைத்துப் புதுக் கடிதம் எழுதினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிவிட்டு, நான் வாசித்து விளங்கவேண்டும் என்று கீழே தமிழிலும் எழுதினார். எழுத்துகள் கோணல்மாணலாக ஓடின.

"ரோட்டுக் குலுக்கல், அம்மா," என்றார்.

கிரிக்குக் கம்பி எடுத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது அவன் பாலம் கட்டுகிற எஞ்சினியர். அந்தக் கடிதத்தை இனி ஒருவருக்கும் காட்டத் தேவையில்லை. என் அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை எடுத்து மறுபடி வாசித்தேன். அந்தக் கோணல் எழுத்துகளை அவர் எழுதும்போது எங்கள் த்ரீவீல் சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.