யாருக்கோ வேண்டிய மாத்திரை

பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தே சொல்லப்படுகிற பொய், பொய்யில் சேருமா?

நோல்வியா அர்கேத்தா இந்தக் கேள்வியை இந்த வடிவத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கேட்டதெல்லாம் இதுதான்: "இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு எத்தனை சித்தி பொண்ணுங்கதான்டி இருக்காங்க?" கேட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். பதிலை அவள் எதிர்பார்ப்பதில்லை. மாத்திரை கேட்டு வந்தவளும் பதில் சொல்ல வந்தவள் இல்லை.

நிகராகுவா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சொலுத்தேக்கா நகரத்தின் தெற்கு ஓரத்தில், முலாம்பழம் கட்டி அனுப்பும் கொட்டகைகளுக்குப் போகிற பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் அவள் வீடு. சோளமாவையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து வளையம் வளையமாகச் சுட்டெடுக்கிற ரோஸ்கியாதான் அவள் பிழைப்பு. செவ்வாய்க்கிழமை தோறும் மூட்டை கட்டி, எல்லை ஆற்றின் குவாசவுலே பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்துச் சந்தையில் விற்றுவிட்டு வருவாள். அங்கேயும் ரோஸ்கியா சுடுகிறார்கள். ஆனாலும் இவளுடையதை வாங்கினார்கள். ஏன் என்று அவள் விசாரித்ததில்லை.

ராணுவம் ஜனாதிபதியை இரவு உடையோடு விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பிய ஆண்டில், உறவுக்குப் பிறகு கர்ப்பம் தங்காமலிருக்க விழுங்குகிற அந்த மாத்திரைக்கும் தடை வந்தது. விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, நல்லது என்று வாயால் சொல்லவும் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அதே மாத்திரை இருமல் மருந்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தது. ஆற்றில் ஓடுவது ஒரே தண்ணீர். இந்தக் கரையில் குற்றமானது அந்தக் கரையில் எப்படிச் சரக்காகிறது என்று யாராவது யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. "நோல்வியாக்கா செவ்வாய்க்கிழமை போறாங்கல்ல?" என்று மட்டும் யோசித்தார்கள்.

அவளை வீராங்கனை என்று சொல்ல முடியாது. முதலில் கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் முடியாது என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சொல்வதற்குச் சோம்பல்பட்டாள். அதற்குப் பிறகு கூடையின் அடியில், ரோஸ்கியாத் துணிக்குக் கீழே, வாராவாரம் ஒன்றிரண்டு மாத்திரை அட்டை வந்துகொண்டிருந்தது.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் ரோஸ்கியா ஒன்றைக் கடித்து உப்பு சரியாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். அப்புறம் தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "அக்கா, அது ஒண்ணு வேணும். எனக்கில்ல, நகாவோமே ஊர்ல எங்க சித்தி பொண்ணு ஒருத்தி..." என்று இழுக்க வேண்டும். கொட்டகைப் பெண்கள், பள்ளிக்கூட டீச்சர், நகராட்சி எழுத்தர், எல்லோருக்கும் எங்கோ ஒரு சித்தி பெண் இருந்தாள். ஒரு தடவை பாலத்துச் சோதனைக்காரன் கூடையைக் கிளறி அட்டையை எடுத்துவிட்டான். அவன் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் எனக்கும் ஒண்ணு கொண்டாங்கம்மா. எனக்கில்ல, எங்க மச்சான் பொண்டாட்டிக்கு" என்றான்.

"உனக்கில்லன்னு தெரியும்டா, நீ ஆம்பள!" என்று கத்திவிட்டாள்.

வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றும் இல்லை. கோலாவில் ஆஸ்பிரின் போட்டுக் குடித்தால் போதும் என்பாள் ஒருத்தி. ஒன்று விழுங்கினால் கர்ப்பப்பை காய்ந்துபோகும் என்பாள் இன்னொருத்தி, அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் செருகியபடியே.

"தங்கின பிள்ளையை இது ஒண்ணும் பண்ணாது. தங்காம இருக்கத்தான் இது. அதனாலதான் சீக்கிரம் போடணும்னு சொல்றேன். நாள் போகப் போகக் கேக்காது. வெளங்குதா?" என்று அவள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்!

"சரிக்கா, சித்தி பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்."

அந்தப் பகுதித் தேவாலயத்துக்குப் பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஊராரில் ஒருவரே வேதம் வாசித்து விளக்கம் சொல்வது வழக்கம். அந்த வேலை ஓர்பெலினாவுடையது. நோல்வியாவுக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நல்ல குரல். அந்தக் குரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லை தாண்டி மரணத்தைக் கூடையில் சுமந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசினாள். மரணம் கூடையில் ரோஸ்கியாவோடு வருகிறது என்று மட்டும்தான் சொல்லவில்லை. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பி நோல்வியாவைப் பார்த்தன. பார்த்தவர்களில் சித்தி பெண் இல்லாதவள் ஒருத்தியும் இல்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்த சனிக்கிழமை அதே ஓர்பெலினா வாசலில் வந்து நின்றாள்.

"உள்ள வரலாமா நோல்வியா?"

"கோயில்ல என்னை நரகத்துக்கு அனுப்பிட்ட. இப்ப வீட்டுக்குள்ள வர உத்தரவு கேக்குறியா? வா, வா."

"உன் பேரை நான் சொல்லலயே."

"பாலத்தைத் தாண்டிக் கூடை தூக்கிட்டுப் போறவ இந்தத் தெருவுல நான் ஒருத்தி. பேரு வேற சொல்லணுமா?"

ஓர்பெலினா உட்கார்ந்தாள். வெயிலைப் பற்றிப் பேசவில்லை. ரோஸ்கியாவைத் தொடவில்லை. "அது ஒண்ணு வேணும். எங்க அக்கா பொண்ணுக்கு" என்றாள்.

நோல்வியா மாவுக் கையோடு சிரித்தாள். வெகு நாளாகத் தேக்கிவைத்திருந்த சிரிப்பு. "சேப்பே எப்ப வந்தாரு?"

ஓர்பெலினாவின் கணவன் சேப்பே ரோவாத்தான் தீவில் இறால் படகில் வேலை பார்ப்பவன். "புதன்கிழமை வந்தாரு. அதுக்கும் இதுக்கும் என்ன..."

"புதன்கிழமை. சரி. அக்கா பொண்ணுக்கு. சரி."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"எல்லாரும் நிஜமாத்தான் சொல்றாங்க. பொய் சொன்னவ ஒருத்தியையும் நான் இன்னும் பாக்கல."

ஓர்பெலினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

"இப்பக் கையில ஒண்ணுமில்ல" என்றாள் நோல்வியா. "செவ்வாய்க்கிழமை போறேன். அதுவரைக்கும் உங்க அக்கா பொண்ணை ஜெபம் பண்ணச் சொல்லு."

அரிசி டப்பாவுக்குள் ஒன்று இருந்தது. இரண்டு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். நாற்பத்தைந்து வயதுக்காரி மூன்று நாள் பயந்துகொண்டிருக்கட்டும், ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று அவளுக்குப் பட்டது. ஓர்பெலினா போன பிறகு அன்றைக்கு ரோஸ்கியா நன்றாக வந்ததாக வேறு நினைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மாலை அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஓர்பெலினா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

முலாம்பழப் பருவம் முடிகிற நேரத்தில், தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற இளம்பெண் திரும்பினாள். மலைக் கிராமத்திலிருந்து செவிலியர் படிப்புக்கு வந்து, ஓர்பெலினா வீட்டில் தங்கி, பருவ நாட்களில் கொட்டகை வேலைக்கும் போகிற டூனியா. வயிறு தெரிந்தது.

"நோல்வியாக்கா, எங்க சித்தி உங்ககிட்ட வந்தாங்கள்ல? நான்தான் அந்த அக்கா பொண்ணு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அறிமுகம் செய்துகொள்வது போலச் சொன்னாள்.

நோல்வியா குடத்தைக் கீழே வைத்தாள்.

"சித்தி வந்ததுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. கொட்டகையில, குளிர்ரூம் பக்கம். மேஸ்திரி விடல" என்றாள் டூனியா. யாரைச் சொல்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. புனித வாரத்தில் மாதாவின் பல்லக்குக்கு முன்தோள் கொடுக்கிறவன் அவன். "செவ்வாய்க்கிழமை வந்த உடனேதான் போட்டேன். லேட்டானா கேக்காதுன்னு அட்டையிலயே எழுதியிருந்துச்சு."

"படிப்பு?"

"நின்னுட்டேன்க்கா." வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

நோல்வியா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓர்பெலினா வீட்டுக்குப் போனாள். அவள் முற்றத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி அவ பேரைச் சொல்லல?"

"சொல்லி, நாளைக்கு ஊரெல்லாம் அவளைப் பாக்கணுமா?"

"என்ன நடந்துச்சுன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"சொல்ல வந்தேன். நீ சிரிச்சுட்டிருந்த." ஓர்பெலினா ஒரு காயை முழுதாக உரித்து முடித்தாள். "எங்க அக்கா பொண்ணுக்குன்னு சொன்னேன். நிஜம்னு சொன்னேன். இதுக்கு மேல எந்த வார்த்தையில சொல்லணும்?"

நிஜம் என்ற வார்த்தையை ஊர் முழுக்கச் சேர்ந்து தேய்த்துத் தீர்த்திருந்தது. தேய்த்தவர்களை வரிசையாகத் திட்ட நோல்வியாவுக்கு வாய் வந்தது. டீச்சரை, எழுத்தரை, பாலத்துக்காரனை, கோயிலில் தலை திருப்பியவர்களை. திட்டி முடித்தபோது மிச்சம் இருந்தது அவளேதான்.

"அன்னிக்கு உங்கிட்ட இருந்துச்சா?" என்று கேட்டாள் ஓர்பெலினா.

"இருந்துச்சு."

ஓர்பெலினா அடுத்த காயை எடுத்தாள்.

டூனியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேஸ்திரி அந்த ஆண்டும் பல்லக்குத் தூக்கினான். ஓர்பெலினா அதற்குப் பிறகு கோயிலில் அந்த மாத்திரையைத் திட்டவில்லை. ஆதரித்தும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனம் நோல்வியாவுக்குப் பழைய பிரசங்கத்தைவிட எரிச்சலூட்டியது. அவள் தன் பங்குக்குச் சித்தி பெண்களைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டாள். யார் வந்து யாருக்கென்று தொடங்கினாலும், வாக்கியம் முடிவதற்குள் அரிசி டப்பாவைத் திறந்துவிடுவாள். "அக்காவுக்கு முன்ன மாதிரி பேச்சே இல்ல" என்று கொட்டகைப் பெண்கள் குறைப்பட்டார்கள். அதிலும் ஒரு குறை.

பிறகு ஒரு மகளிர் தினத்தன்று தடையை நீக்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். தெருவில் யாரோ வெடிகூட வெடித்தார்கள். கொஞ்ச நாளில் கடைவீதி மருந்துக்கடையில் அட்டைகள் வந்தன, கண்ணாடிக்குப் பின்னால், எல்லோரும் பார்க்கிற மாதிரி. ஒருத்தியும் போய் வாங்கவில்லை. கடைப்பெண் நெரீடாவுக்கு எதை எடுத்துக் கொடுத்தாலும் "யாருக்கு?" என்று உரக்கக் கேட்கிற பழக்கம். இருமல் மருந்துக்கும் கேட்பாள்.

ஆக, பெண்கள் மறுபடியும் நோல்வியா வீட்டுக்கே வந்தார்கள். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

"கடைவீதியில விக்குதே! பத்து நிமிஷம் நடந்தா வந்துருது! பதினாலு வருஷம் தடை, தடைன்னு அழுதீங்க. இப்ப யாருடி தடுக்குறா உங்கள?"

"நெரீடா யாருக்குன்னு கேப்பாக்கா."

"சித்தி பொண்ணுக்குன்னு சொல்லு!"

"அங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா."

நோல்வியா கையிலிருந்த கரண்டியை அடுப்புக்குப் பின்னால் வீசி எறிந்தாள்.

அந்தச் சனிக்கிழமை, சம்பள நாள் கூட்டத்தில் கடைவீதி நெரிபட்டுக்கொண்டிருந்தபோது, அவள் மாவுப்பட்ட ஏப்ரனோடு மருந்துக்கடைக்குப் போனாள். வரிசையில் பாதிக்கு மேல் கொட்டகைப் பெண்கள். முன்னால் ரத்த அழுத்த மாத்திரைக்காக ஓர்பெலினா. சுவரோரம் குழந்தையை இடுப்பில் வைத்தபடி டூனியா. நோல்வியா தன் முறை வரும்வரை நின்றாள். வந்ததும் கண்ணாடிக்குள் விரலை நீட்டிக் காட்டினாள்.

"அது ஒண்ணு."

நெரீடா எடுத்தாள். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. "யாருக்குக்கா?"

"எனக்கு."

நெரீடா அவளுடைய நரைத்த கொண்டையைப் பார்த்தாள். அறுபதை நெருங்குகிற விதவை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்டி. காது கேக்கலயா? எனக்கு."

அட்டையை வாங்கி, ஏப்ரன் பையில் போடாமல் கையில் பிடித்தபடியே, வரிசை நெடுக நடந்து வெயிலுக்குள் இறங்கினாள்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று அன்று மாலையே ஓர்பெலினா வந்து கேட்டாள். மறுநாள் டீச்சர் கேட்டாள். அடுப்பில் ரோஸ்கியா கருகுவதாகச் சொல்லி இருவரையும் வாசலோடு அனுப்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை "எனக்கு" என்று சொல்ல, மறுபடியும் ஏப்ரனோடு மருந்துக்கடை வரிசையில் போய் நின்றாள்.