‘கருகிப் போச்சு’ என்று சொல்லும் வீடு

நான் எழுதிய கதைகளையும் கவிதைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. எதை எடுத்தாலும் தோப்பு. காதல் கதை என்று ஆரம்பித்தது தோப்பில் போய் முடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டைப் பற்றிய கவிதையில்கூட நாலாவது வரியில் ஓர் எலுமிச்சை மரம் எட்டிப் பார்த்தது. சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்து, நாள் முழுக்க ஆதார் அட்டைக்கு நகல் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு இவ்வளவு தோப்பு எங்கிருந்து வந்தது? பனவடலிசத்திரம் பக்கம் எங்களுக்கு இருக்கும் எலுமிச்சைத் தோப்பிலிருந்துதான். பார்த்துக்கொள்வது அண்ணன். நான் அங்கே போனால் முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு திரும்புவேன். அவ்வளவுதான் என் விவசாயம்.

மதுரையில் ஒரு பதிப்பாளர், “எல்லாமே தோப்பாத்தான இருக்கு, கதை கவிதை ரெண்டையும் சேர்த்து ஒரே புத்தகமாப் போட்டுரலாம்” என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த பதற்றம் இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும். கொழுகொழுவென்று ஒரு குழந்தை தவழ்ந்து வந்தால், “என்ன இப்படி நோஞ்சானா இருக்கு” என்பார்கள். காய்ப் பாரம் தாங்காமல் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்து நிற்கும் வருஷத்தில் பஸ்ஸில் யாராவது, “தோப்பு எப்படிவே இருக்கு?” என்று கேட்டால், அண்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “எங்க அண்ணாச்சி, எல்லாம் கருகிப் போச்சு” என்பான். கேட்டவர் சிரித்துக்கொள்வார். கருகிப் போச்சு என்றால் மரம் கொள்ளாத காய் என்று அவருக்கும் தெரியும்.

இந்த வீட்டில் பிறந்த நான்தான் ஊரைக் கூட்டி வைத்துத் தோப்பைப் புகழ்ந்தேன். போன காய்ப்பின்போது இங்கே ஒரு சிறிய இலக்கியக் கூட்டம் நடந்தது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முப்பது நாற்காலியில் பாதி காலியாகக் கிடக்க, நான் ஒரு கவிதை வாசித்தேன். ‘முட்டுக் கொடுத்த கொம்பும் தாங்காமல் தரைக்கு வந்து கண்ணயரும் காய்கள்’ என்று ஒரு வரி. கைதட்டினார்கள். ஒருவர் அதை வீடியோ எடுத்து, எங்கள் தோப்பின் படத்தையும் எங்கிருந்தோ பிடித்துச் சேர்த்து, வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார். அது ஊர் சுற்றி அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது.

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ரோட்டைப் பார்த்த மரத்தில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டான் என்று மைனி சொல்லித்தான் தெரியும். அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம். அவள் வீட்டில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். தோப்பு ஊருக்கு வெளியே தள்ளி இருப்பதால் காய் பறிப்பு சமயத்தில் மட்டும்தான் அந்தப் பக்கம் போவாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஜெராக்ஸ் மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“புஸ்தகம் வருதாம்லா?”

“ஆமாண்ணே. ஐப்பசிக்குள்ள வந்துரும்.”

“அதுல ஒரு கதை எழுதிப் போடுலே. தோப்பு பூராவும் கருகிப் போச்சுன்னு. ஒரு மரம் மிச்சமில்லன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கவிதை இழுத்துவிட்ட கண்ணைக் கதை எழுதிக் கழிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். உலகத்தில் எந்தப் பதிப்பாளருக்கும் இப்படி ஒரு காரணத்துக்காகக் கதை போயிருக்காது. “சரி எழுதுதேன். தோப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“போச்சுலே” என்றான். “ஒண்ணுமில்ல.”

நல்ல காய்ப்பு போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டு, அவனுக்கு ஒரு டீ சொன்னேன். பாதி டீயைக் கிளாஸிலேயே வைத்துவிட்டுப் போனான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை கிடையாது. கூட்டங்களில் அதைக் கிண்டல் செய்து பேசியிருக்கிறேன். ஆனால் ‘மரங்கள் கருகின’ என்று ஒரு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. எழுதினால் நடந்துவிடுமோ? செருப்புக் கட்டியவனைப் பார்த்துச் சிரித்த நான், இரண்டு சொல்லைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அடித்தேன். ‘மரங்கள் வாடின’ என்று மாற்றினேன். அதையும் அடித்தேன். ஒரு கதையில் ஆளைக் கொல்வதற்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை.

பயம் வந்தால் அண்ணனுக்குப் போன் போடுவேன். “எப்படிண்ணே இருக்கு?” “கருகிப் போச்சுலே.” அப்பாடா என்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த ‘அப்பாடா’ போய்விடும். தோப்பில் இருந்து அவன் பேசினால் பின்னால் எப்போதும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். நாங்கள் கத்தித்தான் பேசுவோம். இப்போது அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கரண்ட் இருக்காது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மைனியைக் கேட்டால், “உங்க அண்ணன் ராத்திரி தூங்கவே மாட்டுக்காவ தம்பி, போச்சு போச்சுன்னு பொலம்புதாவ. இந்த வருசம் நல்லா இருக்கும்னு நெனைக்கேன்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நானும் தாழ்த்தி, “அப்படித்தான் தெரியுது மைனி” என்றேன்.

ஒருவழியாகக் கதையை எழுதி முடித்தேன். எழுதத் துணிந்ததும் அது தானாக ஓடியது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. கதையில் ஒருவன் ரோட்டோரம் நிற்கும் மரங்களுக்கு மட்டும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுகிறான், ஊர் பார்க்கட்டும் என்று. உள்ளே இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகக் காய்கிறது. சும்மா கதைக்கு ஒரு முடிச்சு வேண்டுமே என்று வைத்ததுதான். முடிச்சு பொருந்தி வந்த மகிழ்ச்சியும், இதை ஏன் எழுதினோம் என்ற நடுக்கமும் சேர்ந்து என்னைப் படுத்தின. அச்சுக்கு அனுப்பும் முன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும், அவன் “போதும்லே” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

ரோட்டில் இறங்கிப் பார்த்ததும் உயிர் வந்தது. மரங்கள் பச்சையாக நின்றன. செருப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நானெல்லாம் ஒரு பகுத்தறிவுவாதி என்று என்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் வரிசை நிழலிலேயே அண்ணன் துண்டை விரித்தான். “இங்கனயே வாசி” என்றான். நான் வாசிக்க ஆரம்பித்தேன். அவன் ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டு கேட்டான். குடத்தில் தண்ணீர் சுமக்கும் இடம் வந்தது. குச்சி நின்றது.

“ஒனக்கு யாருலே சொன்னா?”

“எதைண்ணே?”

அவன் எழுந்து உள்ளே நடந்தான். நான் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். மூன்றாவது வரிசையில் இலை சுருண்டிருந்தது. அதற்கு அடுத்ததில் இலையே இல்லை. அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பாகக் கொம்பும் முள்ளும்தான் நின்றன. மிளகு அளவு பிஞ்சுகள் காம்போடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கிளையைத் தொட்டேன், ஒடிந்து கையோடு வந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

“பூ எடுக்கணும்லா, அதுக்குத் தண்ணிய நிறுத்தி வாட விட்டேன். வருசா வருசம் செய்யுததுதான். திருப்பித் தண்ணி விடலாம்னு மோட்டாரப் போட்டா, போர்ல வெறும் காத்துதான் வருது. கொடத்துல சுமந்து ஊத்துனது ரோட்டடி ரெண்டு வரிசைக்குத்தான் எட்டுச்சு. மழையும் ஏமாத்திட்டு.”

“ஏண்ணே எங்ககிட்டச் சொல்லல?” எனக்குக் கோபம்தான் வந்தது.

அவன் என்னை நேராகப் பார்த்தான். “சொல்லாமலா? போச்சு போச்சுன்னு ஒன்கிட்டச் சொன்னேன். ஒங்க மைனிகிட்டச் சொன்னேன். பஸ்ல கேட்டவன்கிட்டயும் சொன்னேன். எல்லாவனும் சிரிச்சான். நீ டீ வாங்கிக் குடுத்த. வேற எப்படிலே சொல்லுவாவ? எனக்குத் தெரியலியே.” காய்ந்த பிஞ்சு ஒன்றைக் கிள்ளிப் போட்டான். “நீ எழுதுனா ஊரு நம்புது. அதான் ஒன்னய எழுதச் சொன்னேன்.”

கண் பட்டது, கழிக்க வேண்டும் என்றெல்லாம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனையும் நானாக நினைத்துக்கொண்டது.

“வீட்ல நீயே சொல்லிரு” என்றான். “அவா அந்த மரத்த நம்பித்தான் பிள்ளைக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கா. நான் சொன்னா எடுபட மாட்டுக்கு.”

மைனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தையல் மெஷின் சத்தம் கேட்டது. நாலு வருஷமாகக் கதையும் கவிதையும் எழுதுகிறவனுக்கு, ஒரே ஒரு வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“மைனி, நான் தோப்புல இருந்து பேசுதேன். தோப்பு போச்சு மைனி. எல்லாம் கருகிப் போச்சு.”

மெஷின் நின்றது. மைனி சிரித்தாள். அவ்வளவு மனம்விட்டு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. “நீங்களும் பாத்துட்டியளா தம்பி?” என்றாள். “அப்போ சரி. காய் பறிக்க ஆளு சொல்லிரட்டுமா?”

நெசம் மைனி, நெசமாத்தான் சொல்லுதேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

“ஆளு வேண்டாம்ட்டி” என்றான்.

அப்போதுதான் மைனியின் சிரிப்பு நின்றது.