ஒரு காது மெஷினுக்கு

போன வாரம் ஆபீஸில் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். மெலிசாக, ஜில்லென்று, பையில் போட்டால் எடையே தெரியாத மேக். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? நான் அழாத குறை!

காரணம் சொல்கிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக எட்டிப் பார்ப்பவர்களுக்காக இன்னொரு தரம் சொல்லிவிட்டேன். கம்ப்யூட்டரில் நான் வேலை பார்ப்பதெல்லாம் ஸ்க்ரீன் ரீடரின் தயவில்தான். திரையில் இருப்பதை அது வாய்விட்டுப் படிக்கும். நான் காதால் கேட்டு, மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஓட்டுவேன். தமிழில் திரைவாசிப்பான் என்று கம்பீரமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘உன் ஆளு’. வைத்தவர் என் கணவர் ரவி. "உன் ஆளு ரொம்ப நேரமா கத்திக்கிட்டு இருக்கான், என்னான்னு கேளு" என்பார்.

அந்த ஆள் விண்டோஸில் ஒரு மாதிரி, மேக்கில் ஒரு மாதிரி, லினக்ஸில் வேறு மாதிரி. பார்வை உள்ளவர்களுக்கு இது அவ்வளவாகப் புரியாது. உங்களுக்கு லேப்டாப் மாறினால் ஐகான்கள் இடம் மாறும். ஒரு நாள் தேடுவீர்கள், இரண்டு நாள் திட்டுவீர்கள், பழகிவிடும். எங்களுக்கோ... குரல் மாறும், பேச்சு மாறும், விரல் போகிற பாதையே மாறும்.

விண்டோஸில் எனக்கு இருபது வருடப் பழக்கம். ஒரு வெப் பக்கத்தைத் திறந்தால், கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே வரிவரியாக இறங்கிவிடுவேன். தலைப்புக்குத் தாவ எச், பட்டனுக்குத் தாவ பி. நினைக்கும் முன்பே விரல் போய்விடும். மேக்கில் மரியாதை ஜாஸ்தி! ஒரு பட்டியல் வந்தால், அதற்குள் முறைப்படி நுழைய வேண்டும். வேலை முடிந்ததும் முறைப்படி வெளியே வர வேண்டும். வெளியே வர மறந்தால்? கடையைச் சாத்திவிட்டுப் போனபின் உள்ளே மாட்டிக்கொண்ட வாடிக்கையாளர் கதைதான். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரலாம்.

சரி, மெதுவாகப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறீர்களா? அதுதான் முடியாது. கொடுத்தது வெள்ளிக்கிழமை. பழைய லேப்டாப்பை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை டெமோ!

இந்த மராத்திச் சீமையில், ஐ.டி. கம்பெனிகள் குவிந்து கிடக்கும் ஹிஞ்ஜவடியில் இருக்கிற எங்கள் கம்பெனியில் என் வேலை இதுதான் — வெளியார் தயாரிக்கும் ஆப்களைப் பார்வையற்றவர் பயன்படுத்த முடியுமா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது. இந்த முறை மருந்து வாங்குகிற ஆப் ஒன்று. அதில் ஒரு பக்கத்தில் வரிசையாகப் பட்டன்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை. படம் மட்டும் போட்டுவிட்டார்கள். படத்தை என் ஆள் எப்படிப் படிப்பான்? "பட்டன், பட்டன், பட்டன்" என்று ஒப்பிப்பதோடு அவன் கடமை முடிந்தது. நானும் திரும்பத் திரும்ப எழுதிப் போட்டுப் பார்த்தேன். "அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்" என்றே பதில் வந்தது. கடைசியில், அந்தக் கம்பெனிக்காரர்கள் மும்பையிலிருந்து நேரிலேயே வருகிறார்கள், நான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடானது.

எங்கள் மேனேஜர் தேஷ்பாண்டே மிக நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். லேப்டாப் கொடுத்த கையோடு பக்கத்தில் வந்து, இந்தியில் கனிவாகச் சொன்னார். "மேடம், புது மெஷின்... எதுக்கு சிரமம்? நிகில் மவுஸ் பிடிச்சு ஓட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொன்னா போதும்."

நிகில் என் டீமில் இருக்கிறவன். தங்கமான பையன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பார்வையற்றவர் எப்படி ஆப்பை ஓட்டுகிறார் என்று காட்டும் டெமோவில், பார்வை உள்ளவர் மவுஸைப் பிடிப்பாராம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேனாம்! இதற்கு ஒரு தடவை தலையாட்டினால் முடிந்தது. அடுத்த டெமோவுக்கும் நிகில், அதற்கடுத்த டெமோவுக்கும் நிகில். என் வேலை என் விரலை விட்டுப் போய்விடும்.

"நானே ஓட்டுறேன் சார்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, புது மெஷினில் ஒரு மெயிலைத் திறக்கவே தடுமாறிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஊரின் இன்னொரு கோடியில் இருக்கிற கட்கிக்கு போன் போட்டேன். அங்கே செல்வம் இருக்கிறான். அவனுக்கும் பார்வை கிடையாது. தாத்தா காலத்தில் வெடிமருந்து ஃபேக்டரி வேலைக்காக ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், வாயில் பாதி இந்தி, மீதி மராத்தி. என்னைப் போன்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுப்பது அவன் பிழைப்பு. மூன்று சிஸ்டமும் அத்துப்படி. ஆனால் தாலி கட்டியது லினக்ஸுக்குத்தான். எதையாவது நோண்டி நோண்டி, பேச்சே வராமல் செய்துவிட்டு, பேச்சு போன மெஷினை ராத்திரி பகலாகச் சரி பண்ணுவதில் அவனுக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

"அரே அக்கா, டென்ஷன் நக்கோ, வேணாம்! சண்டே வந்துடறேன். எனக்கு சாம்பார் மட்டும் வெச்சிடு" என்றான்.

ஞாயிறு காலை பஸ் பிடித்து எங்கள் பேட்டையான வாகட்டில் வந்து இறங்கினான், தன் லேப்டாப்போடு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று மெஷின்கள் — அவனுடைய லினக்ஸ், என் வீட்டு விண்டோஸ், புது மேக். ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவன் கொள்கை. மூன்று ஆட்களும் ஒரே நேரத்தில் மூன்று குரலில் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் நானும் செல்வமும்.

ரவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, இது வீடா, பஸ் ஸ்டாண்டா? நான் காய் வாங்கப் போறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், மத்தியானம்தான் திரும்பினார். அவ்வளவு நேரம் அப்படி என்ன காய் வாங்கினாரோ! வந்தது ஒரு கட்டு கொத்தமல்லி.

அவர் போன பிறகு இயர்போனை மாட்டிக்கொண்டோம். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இயர்போன் ஒரு காதில்தான். வலது காது மெஷினுக்கு, இடது காது மனுஷனுக்கு. இரண்டிலும் மாட்டினால் காலிங்பெல் கேட்காது, குக்கர் விசில் கேட்காது, பக்கத்தில் வந்து நிற்கிறவர் யாரென்றும் தெரியாது. அதனால் என் இடது காது எப்போதும் காலியாகவே இருக்கும்.

"அக்கா, விண்டோஸ் விரலை மறந்துடு. லிஸ்டு வந்துச்சா? உள்ள போ. முடிஞ்சிச்சா? வெளிய வா. ஹோ கயா, அவ்ளோதான்" என்று செல்வம் பாடம் நடத்தினான். நான் உள்ளே போனேன். வெளியே வர மறந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி மறந்தேன்.

"இன்னாக்கா, உள்ளயே வாடகைக்கு வீடு எடுத்துட்டியா?" என்றான் படுபாவி.

சாப்பிட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. கிளம்பும் முன் கடைசிப் பாடமாக, திரையை அணைக்கும் கீயைச் சொல்லிக்கொடுத்தான். இது எங்களுக்கு ரொம்ப முக்கியம். எனக்குத் திரை எதற்கு? அது எரிவதால் லாபம் பக்கத்து சீட்காரருக்குத்தான். ஒருமுறை ஆபீஸுக்குக் கூட்டிப் போகிற கேப் வண்டியில் மெயில் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்தவர் அக்கறையாகக் கேட்டார்: "அவருக்கு இன்னும் பதில் போடலியா மேடம்?" அன்றிலிருந்து கேப்பில் ஏறியதும் திரையை அணைத்துவிடுவேன். மெஷின் ஓடும், ஆள் பேசுவான், திரை மட்டும் கன்னங்கரேல் என்று கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை கேப்பிலும் அப்படியே செய்தேன். ஹிஞ்ஜவடி டிராஃபிக்கில் உள்ளே போய் வெளியே வந்து, உள்ளே போய் வெளியே வந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மீட்டிங் ரூம். மும்பையிலிருந்து நாலைந்து பேர். குரலை வைத்துப் பார்த்தால் ஓர் அம்மாள்தான் அவர்களுக்குத் தலைமை. நிகில் வந்து என் லேப்டாப்பைச் சுவரில் இருந்த பெரிய டிவியோடு கேபிளில் இணைத்தான். "பார்வையற்ற ஒருவர் இந்த ஆப்பை எப்படி அனுபவிக்கிறார் என்று இப்போது நீங்களே அனுபவிக்கப் போகிறீர்கள்" என்று தேஷ்பாண்டே ஆங்கிலத்தில் முன்னுரை கொடுத்தார். நான் ஆரம்பித்தேன்.

அவர்களுக்காகப் பேச்சை லேப்டாப் ஸ்பீக்கரில் விட்டு, வேகத்தைக் குறைத்து வைத்தேன். என் வேகத்தில் விட்டால் மற்றவர்களுக்கு மிக்ஸி ஓடுகிற மாதிரிதான் கேட்கும். தலைப்பு... தேடும் பெட்டி... மருந்தின் பெயர்... விரல்கள் சொன்னபடி கேட்டன. அறையில் அப்படி ஓர் அமைதி. மேஜைக்கு அடியில் மட்டும் யாரோ கேபிளைப் பிடித்து இழுக்கிற, சொருகுகிற சத்தம் என் இடது காதில் விழுந்துகொண்டே இருந்தது. என்னத்தைச் செய்கிறான் இந்த நிகில் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதியில் பயந்தது நடந்தது. மருந்துப் பட்டியலுக்குள் போய்விட்டு, வெளியே வர மறந்துவிட்டேன். எந்த கீயை அழுத்தினாலும் திரும்பத் திரும்ப அதே மருந்து. ‘வெளிய வா அக்கா’ என்று மனதுக்குள் செல்வம் கத்த, வெளியே வந்தேன்.

பட்டன் பக்கம் வந்தது. "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்..." என்று என் ஆள் ஒப்பித்து முடித்தான்.

"இதில் எதை அழுத்தினால் மருந்து வீட்டுக்கு வரும்?" என்று கேட்டேன். எல்லா டெமோவிலும் இப்படிக் கேட்பேன். உடனே யாராவது, "அதோ, பச்சையாக இருக்கிறதே" என்று திரையைக் காட்டுவார்கள். கேள்வி அங்கேயே செத்துவிடும். அன்றைக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அந்த அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார், "மூணாவதா?"

மூன்றாவதை அழுத்தினேன். "உங்கள் கூடை காலியாகிவிட்டது" என்றான் என் ஆள்.

யாரோ சிரித்தார்கள். மருந்துகளைத் திரும்பக் கூடையில் போட்டேன். இன்னொருவர் கடைசிப் பட்டன் என்றார். அழுத்தினால் உதவி மையத்துக்குப் போய் நின்றது. அவர்களே செய்த ஆப்!

அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "திரையை ஆன் பண்ணுங்க ப்ளீஸ். எதுன்னு பார்த்துச் சொல்லிடறேன்" என்றார்.

"ஆனில்தானே இருக்கு?" என்றேன் நான்.

மேஜைக்கு அடியிலிருந்து நிகிலின் குரல் பரிதாபமாக வந்தது: "மேடம்... ஆரம்பத்துலேர்ந்தே கறுப்பாத்தான் இருக்கு. நான் கேபிள்தான் லூஸுன்னு..."

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கேப்பில் அணைத்த திரை! லேப்டாப் கறுப்பென்றால் அதோடு இணைத்த டிவியும் கறுப்புதான். புது மெஷினில் அத்தனை பாடத்தையும் ஞாபகம் வைத்திருந்த நான், அதைத் திரும்பப் போட வேண்டும் என்பதை மட்டும் சுத்தமாக மறந்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் அவர்கள் கறுப்பு டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தேஷ்பாண்டே கொடுத்த முன்னுரையைக் கேட்டு, இதுதான் டெமோ போலிருக்கிறது என்று மரியாதையாகச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எனக்கு எரிந்தாலும் ஒன்றுதான், அணைந்தாலும் ஒன்றுதான், அதனால் மறந்துவிட்டது என்றேன். முதலில் அந்த அம்மாள்தான் சிரித்தார். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். திரையைப் போடக் கையைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும், முடிங்க" என்றார் அவர்.

முடித்தேன். கடைசியில் அவர் தன் ஆட்களிடம் மராத்தியில் சொன்னது இடது காதில் தெளிவாக விழுந்தது: "எல்லா பட்டனுக்கும் பேர் வெச்சப்புறம்தான் இந்த ஆப் வெளியே போகும்."

வெளியே வந்ததும் தேஷ்பாண்டே கையைப் பிடித்துக் குலுக்கினார். "என்ன ஐடியா மேடம்!" ஐடியா இல்லை சார், மறதி என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. அடுத்த டெமோவுக்கான அழைப்பு இப்போதே வந்துவிட்டது. ஓட்டுபவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே ஒரு குறிப்பு: திரை அணைத்திருக்க வேண்டும். படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைப்பானேன்? இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இன்னொரு சந்தோஷம் உண்டு. அதைச் செல்வத்திடம் மட்டும் சொன்னேன். பட்டியலுக்குள் நான் மாட்டிக்கொண்டு முழித்தேனே, அதை யாருமே பார்க்கவில்லை! இருட்டில் எங்கே பார்ப்பது? அதுவும் ஆப்பின் கோளாறு என்று நினைத்துக் குறித்துக்கொண்டார்களாம். நிகில் சொன்னான். அது என் கோளாறு என்று திருத்தி மெயில் போட்டுவிட்டேன்.

"மெயில் ஏன் போட்டே? அதையும் நல்லா செஞ்சி குடுத்திருப்பாங்க" என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தான் செல்வம்.

எந்த சிஸ்டம் நல்லது, விண்டோஸா மேக்கா லினக்ஸா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். கீ வேறு, குரல் வேறு, பழக்கம் வேறு. எதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரில் ஓரளவு கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், மூன்று ஆட்களும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "பட்டன்." இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"அவ்வளவு பேர் முன்னாடி தனியா நின்னு பேசியிருக்கான். உன் ஆளுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துருவமா?" என்கிறார் ரவி.

இந்தப் பத்தியையும் திரையை அணைத்துவிட்டுத்தான் எழுதினேன். எழுத்துப்பிழை ஏதாவது கண்ணில் பட்டால் தாராளமாகச் சொல்லுங்கள் — இடது காது காலியாகத்தான் இருக்கிறது!