செக்ரட்டரி வாசலில் சிவப்பு முட்டை

பாரிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஃபெசிலிட்டி மேனேஜராக இருந்தேன். பேர்தான் பெரிசு. வேலை என்னவோ மோட்டார், லிஃப்ட், பார்க்கிங் சண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ டம்ளரை வாயில் வைக்கும் நேரம், ஹவுஸ்கீப்பிங் முனியம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"அண்ணாத்தே, சீக்கிரம் வா! செக்ரட்டரி ஊட்டு வாசல்ல, பூந்தொட்டி பின்னால செவப்பு முட்ட கீது! எவனோ செய்வன வச்சிட்டுப் பூட்டான்!"

எங்கள் பக்கம் முச்சந்தியில் குங்குமம் பூசிய முட்டை கிடந்தால் லாரிக்காரன்கூட ஒடித்துத்தான் ஓட்டுவான். போய்ப் பார்த்தேன். நல்ல சிவப்பு. நானும் இரண்டடி பின்னால் நகர்ந்தேன், மறைப்பானேன்.

செக்ரட்டரி கோபால் சார் வங்கியில் ரிட்டயர் ஆனவர். அடுத்த வாரம் அசோசியேஷன் எலெக்‌ஷன் வேறு. லுங்கியை இறுக்கிக்கொண்டு கத்தினார்.

"என்னை எதிர்த்து நிக்கிற பி பிளாக்காரன் வேலைய்யா இது! ஓட்டு கேக்க தைரியம் இல்ல, முட்டை வைக்கிறான்!"

அதற்குள் வாட்ச்மேன் சறுக்கு மரத்தடியில் ஒன்றைக் கண்டான். ஜெனரேட்டர் ரூம் பக்கம் இன்னொன்று. செம்பருத்திச் செடிக்குள் இரண்டு. கோபால் சார் முகம் மாறியது.

"அப்ப எனக்கு மட்டும் இல்லையா?"

அவர் குரலில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் கை படாமல் முறத்தில் வாரினாள் முனியம்மா. கல்லுப்பைக் கொட்டி முச்சந்திக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணாத்தே, போட்டு ஒடச்சா ஒயுகல! உள்ள வெந்து கீது! தானா வெந்து கீதுன்னா, இது பெரிய கை வேல!"

யாரும் சிரிக்கவில்லை. அவிச்ச முட்டை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

எட்டு மணிக்கு சர்ச்சிலிருந்து ஜெனிஃபர் மேடம் வந்தார். எங்கள் குடியிருப்புக்குப் புதுசு. ஐ.டி. வேலை, சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கையில் சின்னச் சின்னக் கூடைகள், கூடவே மகள் ஜோவி.

"சார், விடியக்காலைல ஆராதனைக்குப் போறதுக்கு முன்னாடி நான் முட்டை ஒளிச்சு வச்சேன். ஒண்ணையும் காணலியே, யாராவது பாத்தீங்களா?"

நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவள் கோபால் சாரைப் பார்த்தாள். அவர் மேலே வாட்டர் டேங்க்கைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். குடிவந்து மாசக்கணக்காகியும் ஜோவியை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. பந்து பொறுக்கிப் போடத்தான் கூப்பிடுவார்கள். அதனால் மேடம் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார். ஈஸ்டர் அன்று ஒளித்து வைத்த முட்டையைத் தேடுகிற விளையாட்டாம். முன்பு பெரம்பூரில் குடியிருந்தபோது ஆங்கிலோ-இந்தியப் பக்கத்து வீட்டாரிடம் பழகியது. பிள்ளைகளின் அம்மாக்கள் குரூப்பில் மெசேஜும் போட்டிருந்தார். அந்தக் குரூப்பில் நாங்கள் யாரும் இல்லை. ஒன்பது மணிக்கு அத்தனை பிள்ளைகளும் வந்து நிற்கும், தேட முட்டை இருக்காது. ஜோவிக்கு அழுகை முட்டியது.

"இன்னாத்துக்கும்மா செவப்பு அடிச்ச?" என்றாள் முனியம்மா, பாதி கோபம், பாதி அழுகை.

"அது இயேசுவோட ரத்தம்க்கா. ஓடு, அவர அடக்கம் பண்ணுன கல்லறை. உடைஞ்சா அவர் உயிரோட வந்துட்டார்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிட மாட்டாங்க. ஈஸ்டர் அன்னிக்குத்தான் தொடுவாங்க."

முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, சாமி முட்டையவா நான் முச்சந்தில போட்டேன்!" என்றவள் நேரே கடைக்கு ஓடினாள்.

செக்யூரிட்டி ரூம் இண்டக்‌ஷன் அடுப்பில் முட்டை வெந்தது. கோபால் சார் முட்டை தொடாதவர், வீட்டிலிருந்து பீட்ரூட் கொண்டுவந்தார். நிறம் ஏறவில்லை என்று முனியம்மா மடியிலிருந்து குங்குமத்தை எடுத்தாள்.

"தாயே, திரும்பவும் மொதல்லேருந்தா?" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளிறிய ரோஸ் முட்டைகளை, காகிதத்தில் பிடித்தபடி, ஒளித்து வைத்தவர் சாட்சாத் கோபால் சார்தான். எலெக்‌ஷனுக்குக்கூட அவர் அப்படிக் குனிந்ததில்லை.

பிள்ளைகள் குடியிருப்பையே புரட்டிப் போட்டார்கள். "ஜோவி, இங்க வாடி! ஜோவி, என் டீம்டி!" என்று நாலா பக்கமும் ஒரே கத்தல். என் கண் கலங்கிவிட்டது.

முடிவில் ஜோவி ஒரு முட்டையை முனியம்மாவிடம் நீட்டினாள். அவள் வாங்கினாள். பழக்கதோஷம், கை தானாகப் பிள்ளையின் தலையைச் சுற்றக் கிளம்பி, பாதியில் நின்றது. பயந்துபோய் மேடத்தைப் பார்த்தாள்.

"சுத்துங்கக்கா, நல்லா சுத்துங்க. என் பிள்ளைக்கு இன்னிக்குத்தான் கண்ணு பட்டிருக்கும்" என்றார் ஜெனிஃபர்.

"சுத்துனா ஒடச்சிடணும்மா."

"எங்களுக்கும் உடைக்கணும்க்கா."

முனியம்மா மூன்று சுற்று சுற்றி, கேட்டருகே ஓங்கிப் போட்டு உடைத்தாள். ஜோவி குதித்துக் கை தட்டினாள்.

அதற்குப் பிறகு என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவேன். புரியாத பொருள் எது கிடந்தாலும் கூட்டித் தள்ளாதே. கதவைத் தட்டிக் கேள். உள்ளே ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கும்.